பானெட் இருக்கட்டும், கதவடியைப் பாருங்கள் டீச்சர்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. காட்பாடியிலிருந்து வாலாஜாபேட்டைக்குத் தினமும் காரில் போய்வருகிறேன். நாலு வருடமான சிவப்பு நிறக் கார். பானெட்டின் முன் விளிம்பில் ஏழெட்டு இடத்தில் கல் தெறித்துப் பெயிண்ட் போயிருக்கிறது, ஒவ்வொன்றும் மிளகு அளவு. இரண்டில் பழுப்பு ஏறிவிட்டது. பம்பரிலும் மூன்று இடம். ஒரு பெயிண்ட் ஷெட்டில், பானெட்டையும் பம்பரையும் முழுசாக அடித்தால்தான் கலர் ஒத்துப்போகும், 11,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டுக்காரர் நெயில் பாலீஷை வைத்துவிடு என்கிறார். தம்பி இன்ஷூரன்ஸில் போடச் சொல்கிறான். நானே டச்-அப் செய்ய முடியுமா? பின்பக்க இடது கதவின் அடியிலும் பெயிண்ட் லேசாக உப்பியிருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஆட்டோ உரசியதால் டிங்கரிங் செய்த கதவு அது. பெரிய விஷயமில்லை என்று விட்டுவிட்டேன்.
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்:

டீச்சர், பானெட்டைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டு, போகிற போக்கில் கதவைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. பானெட்டில் உள்ள புள்ளிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே முடித்துவிடலாம். கதவு அப்படியில்லை. அதனால் கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கல்லடி வெளியிலிருந்து உள்ளே போகிற காயம். கண்ணுக்குத் தெரிகிறது, எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிடலாம். உப்பல் உள்ளேயிருந்து வருகிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிட அதிக இடம் கேட்கும். மேலே மூடியிருக்கிற பெயிண்டைத் தூக்கித்தான் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, பெயிண்ட் உப்பித் தெரியும் அன்றைக்கே உள்ளே வேலை பாதி நடந்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் டச்-அப் வைப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது மாதிரி.

விரல் முட்டியால் அந்தக் கதவை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். வெறும் தகடு 'டங்' என்று பேசும். பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை, போட்ட இடம் 'டொக்' என்று செத்துப்போன சத்தம் தரும். சந்தேகமாக இருந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். நல்ல தகட்டில் பிடித்து நிற்கும். பட்டி கனமாக இருந்தால் வழுக்கி விழும். உங்கள் கதவில் விழும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் என்றால், நம் பக்கத்து ஷெட்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. பட்டி காய்ந்ததும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை எடுத்து, வாளித் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்ப்பார்கள். தூசி பறக்காது, பேப்பரும் சீக்கிரம் அடைக்காது, அதனால் பெயிண்டருக்கு வசதி. ஆனால் பட்டி தண்ணீரை இட்லி சாம்பாரை இழுப்பதுபோல இழுத்துக்கொள்ளும். வண்டியை சாயந்திரமே கொடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டு அதன்மேல், கலருக்கு அடியில் பூசுகிற பிரைமரை அடித்து மூடினால், ஈரம் தகட்டுக்கும் பட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். தொழில் பழகின புதிதில் நானும் இப்படித் தேய்த்தவன்தான். எங்கள் மேஸ்திரி திட்டித் திட்டித்தான் விட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். கதவின் அடி மடிப்பில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். மண் அடைத்துவிட்டால் கதவுக்குள்ளேயே குளம் கட்டும். கதவைத் திறந்துவைத்து, கீழே குனிந்து, ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பாருங்கள். கம்பி வேண்டாம், அது உள்ளே இருக்கிற பெயிண்டையும் கீறிவிடும். சேறாக வந்தால் மற்ற மூன்று கதவுகளையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

கதவை ஷெட்டில் விடும்போது மூன்று விஷயம் கேளுங்கள். பழைய பட்டியை முழுசாக எடுத்துத் தகட்டைக் காட்டுவீர்களா? தகட்டின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல்தான் பட்டி என்று செய்வீர்களா? பட்டியைத் தண்ணீர் இல்லாமல் தேய்ப்பீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் "ஆமாம்" என்கிறவரிடம் கொடுங்கள், ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. பழைய பட்டியை எடுத்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தகடு ஓட்டையாகி இருந்தால் வெட்டிப் புதுத் துண்டு வைக்க வேண்டும். ஓட்டையில் பட்டியை அடைத்து மூடுவது சரியான வேலையே இல்லை.

சரி, இப்போது பானெட்.

முதலில் அந்த 11,000 ரூபாய். கலர் முழுசாக ஒத்துப்போக வேண்டும் என்றால் பேனலையே அடிக்க வேண்டும் என்று ஷெட்டில் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஏழு மிளகுப் புள்ளிக்காகக் கம்பெனி பெயிண்டை எடுத்துவிட்டு அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயிண்ட் அடித்தே பிழைக்கிறவன் சொல்கிறேன், கம்பெனியில் அடித்த பெயிண்டுக்கு எங்கள் பெயிண்ட் ஈடாகாது. அங்கே வெறும் தகட்டை மருந்துத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி முதல் கோட்டைப் பிடிக்கவைக்கிறார்கள். மூலை முடுக்கெல்லாம் பிடிக்கும். பிறகு அடுப்பில் வேகவைக்கிறார்கள், மேல் கோட்டே 140 டிகிரி வாக்கில். எங்கள் ஷெட்டில் நல்ல பூத், அதாவது பெயிண்ட் அடித்துக் காயவைக்கிற மூடிய அறை, இருந்தாலும் 60 டிகிரிதான். அதற்கு மேல் போனால் வயர், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் இளகிவிடும். பூத்தே இல்லாத ஷெட்டில் வேலூர் வெயில்தான் அடுப்பு. நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டரோடு வருவார். பானெட்டில் அளவு கூடக் காட்டினால் "ஆக்ஸிடென்ட் வண்டியா?" என்றுதான் முதலில் கேட்பார்.

கம்பெனி பெயிண்டின் கனம் எவ்வளவு தெரியுமா? நீங்கள் திருத்துகிற விடைத்தாளில் ஒரு தாளை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் பெரும்பாலும் நாலு அடுக்கு: தகட்டை ஒட்டி மின்சாரத்தில் பிடித்த கோட், அதன்மேல் பிரைமர், அதன்மேல் சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி கிளியர். சிவப்பு மட்டும் பார்த்தால் தாளில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால்தான் கண்ட பேப்பரையும் எடுத்துத் தேய்க்காதீர்கள் என்று சொல்கிறோம்.

காலை வெளிச்சத்தில் ஒரு லென்ஸ் வைத்து ஒவ்வொரு புள்ளியின் அடியையும் பாருங்கள். அடியில் சிவப்பே தெரிந்தால் மேல்தோல்தான் போயிருக்கிறது. அதைத் தண்ணீர் தொட்டு நனைத்தால் காணாமல் போகும். அதை விட்டுவிடலாம், அவசரமே இல்லை. சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. ஒரு மாதம் தாங்கும், இரண்டு மாதமும் தாங்கும். பளபளவென்று தகடு தெரிந்தால் அடுத்த மழைக்குள் மூட வேண்டும். பழுப்பு தெரிந்தால், அதாவது உங்கள் இரண்டு புள்ளிகள், அங்கே மட்டும் மூடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

பம்பரில் உள்ள மூன்றையும் மறந்துவிடுங்கள். பம்பர் பிளாஸ்டிக், துருவே பிடிக்காது. மீதி பெயிண்ட் இருந்தால் கடைசியில் வையுங்கள், இல்லாவிட்டால் அப்படியே ஓடட்டும்.

நீங்கள் செய்யப்போவது ஓட்டையை அடைக்கிற வேலை, அடையாளத்தை அழிக்கிற வேலை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். மூன்றடி தள்ளி நின்றால் தெரியக்கூடாது, குனிந்து பார்த்தால் தெரியும், அது போதும். குனிந்து பார்த்தாலும் தெரியக்கூடாது என்று ஆசைப்பட்டுத் தேய்க்கப் போகிறவர்கள்தான் மிளகு அளவுப் புள்ளியை எட்டணா அளவாக்கி எங்களிடம் கொண்டு வருகிறார்கள்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ ஸ்டிக்கரிலோ, சில வண்டிகளில் பானெட்டுக்கு அடியிலோ, உங்கள் கலருக்கான குறியீடு (பெயிண்ட் கோட்) இருக்கும். சிவப்பு என்று கேட்காதீர்கள், அந்தக் குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே கம்பெனியிலேயே நாலைந்து சிவப்பு உண்டு. டச்-அப் பாட்டில் சில நூறு ரூபாய்தான். பிரைமர் கொஞ்சம், மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், பல் குச்சி ஒரு டப்பா. பாட்டிலோடு வருகிற பிரஷ்ஷை மூடியோடு ஓரமாக வைத்துவிடுங்கள். மிளகுப் புள்ளிக்கு அது துடைப்பம் மாதிரி.

உங்கள் சிவப்புக்கு மேலே கிளியர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் துணியில் துளி பாலீஷ் தொட்டு, கண்ணில் படாத ஓரத்தில் நாலு தேய் தேயுங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் கிளியர் இல்லை, கலரே மேல் கோட். ஒட்டாவிட்டால் கடைசியில் கிளியரும் வைக்க வேண்டும். மினுமினுப்பு இல்லாத வெறும் சிவப்பு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் கலரில் மினுக்குத் துகள் ஸ்ப்ரேயில் ஒரு மாதிரி படுக்கும், குச்சியில் வைத்தால் வேறு மாதிரி படுக்கும். அதனால் குறியீடு சரியாக இருந்தாலும் இருட்டாகத் தெரியும்.

வைப்பதற்கு முன்னால், வீட்டில் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு சொட்டு தடவிக் காயவிடுங்கள். காய்ந்ததும் அதன் நடுவில் பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போட்டு, பானெட்டின் மேல் வைத்து ஓட்டை வழியாகப் பாருங்கள். நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை. நாலு வருட வெயிலில் வண்டி கொஞ்சம் வெளுத்திருக்கும், இம்மி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. ஈரத்தில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், காய்ந்தால் நிறம் மாறும்.

ஷாம்பு போட்டுக் கழுவி, காயவைத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் புள்ளியைத் துடையுங்கள். மெழுகுப் பசை ஒட்டியிருந்தால் பெயிண்ட் நிற்காது. பல் குச்சி முனையால் ஓரத்தைச் சுற்றி வாருங்கள், தளர்ந்து நிற்கிற செதில் பொலபொலவென்று உதிரும். உதிர்கிற மட்டும் உதிரட்டும். பழுப்பு ஏறிய இரண்டுக்கும், 400 நம்பர் பேப்பரில் மிளகளவு வெட்டி, தீக்குச்சியின் மருந்தில்லாத நுனியில் ஒட்டி, புள்ளிக்குள் மட்டும் திருகுங்கள். பென்சில் சீவுகிற மாதிரி, மெதுவாக. பழுப்பு போய்த் தகடு மினுங்க வேண்டும். குழியின் அடியில் கொஞ்சம் விடாமல் இருந்தால் துரு மாற்றுகிற திரவம், ரஸ்ட் கன்வெர்ட்டர், ஒரு துளி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கறுக்கும்.

அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வகைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். நம் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதப்படுத்துகிறவர்களுக்கு இது அந்நியமில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற துவர்ப்பும் அதே இனம்தான். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் மை மாதிரி கறுக்குமே, அதே சங்கதி உங்கள் பானெட்டில் நடக்கிறது. துரு கறுத்து, மேற்கொண்டு பரவாத ஒரு படலமாகிறது. பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் காத்திருங்கள், அப்புறம்தான் பிரைமர்.

பிரைமர் என்பது தகடு தெரிகிற இடத்துக்கு மட்டும். பல் குச்சியின் முனையில் கடுகளவு எடுத்து, குழியின் நடுவில் தொட்டு விடுங்கள். தடவாதீர்கள், தானே ஓரத்துக்கு ஓடும். ஒரு மணி நேரம் கழித்துக் கலர், அதே மாதிரி. ஒரே தடவையில் குழியை நிரப்பப் பார்க்காதீர்கள். மேலே தோல் கட்டி, அடியில் காயாமல் நிற்கும், பிறகு சுருங்கிப் பள்ளமாகும். அரைமணி இடைவெளியில் மெல்லியதாக மூன்று தடவை. கிளியர் தேவைப்பட்டால் மறுநாள். அதோடு கையை எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் லேசாக மேடு தெரியும், ஒரு வாரம் பொறுத்து 2500 நம்பர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். நான் வேண்டாம் என்பேன். மேட்டைத் தேய்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற நல்ல கிளியரைத் தேய்த்துவிடுவீர்கள். மெழுகு பாலீஷும் ஒரு மாதத்துக்கு அந்த இடத்தில் வேண்டாம், உள்ளே இருக்கிற தின்னர் முழுசாக வெளியேற வேண்டும்.

நேரம் முக்கியம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள், போர்ட்டிகோ நிழலில். புறங்கையைப் பானெட்டில் வைத்தால் சூடு தெரியக்கூடாது. நம் ஊர்ப் பதினோரு மணி வெயிலில் பெயிண்ட் குச்சியிலிருந்து இறங்குவதற்குள் இழுத்துக்கொள்ளும், குழிக்குள் ஓடாது. மழை மூட்டமான நாளும் வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். சாயந்திரம் லைட் போட்டுச் செய்தால் ஈசல் வரும்.

மரத்தடியும் ஆகாது. சத்துவாச்சாரியில் எங்கள் ஷெட் வாசலில் ஒரு வேப்பமரம். பல வருடம் முன்பு ஒரு சித்திரை மாதம், கறுப்பு வண்டி ஒன்றுக்குக் கடைசிக் கிளியர் அடித்துவிட்டு, நிழலாக இருக்கிறதே என்று வாசலுக்குத் தள்ளினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பானெட், டாப், டிக்கி எங்கும் வேப்பம்பூ. அம்மன் கோயில் தேர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பூவாக ஊசியால் எடுத்தோம், எடுத்த இடமெல்லாம் தழும்பு. முழு வண்டியையும் திரும்ப அடித்தேன், என் காசில்.

வீட்டுக்காரர் சொன்ன நெயில் பாலீஷுக்கு வருகிறேன். அவர் சொன்னது முழுத் தப்பில்லை. டச்-அப் பாட்டில் வர பத்து நாள் ஆகும், அதற்குள் மழை வந்துவிடும்போல இருக்கிறது என்றால், நிறமில்லாத நெயில் பாலீஷ் ஒரு துளி தண்ணீரைத் தடுக்கும். பிறகு அதை எடுத்துவிட்டுத்தான் சரியான வேலை செய்ய வேண்டும். ஆனால் உங்கள் சிவப்பு நெயில் பாலீஷை நிரந்தரமாக வைத்தால் வெயிலில் நிறம் மாறும். எடுக்கிறேன் என்று ரிமூவரைப் பானெட்டில் ஊற்றிவிடாதீர்கள், பக்கத்துப் பெயிண்டும் மங்கிப்போகும்.

தம்பி சொன்ன இன்ஷூரன்ஸ் கணக்குக்கு வரவே வராது. நாலு வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் உங்களுக்கு 45 சதவீதம் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யம், மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும். அதுபோக 1500 சிசி வரை உள்ள வண்டிக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இல்லையென்றால், பில்லில் பெயிண்டைத் தனியாகப் பிரிக்காத பட்சத்தில் கால்பங்கைப் பெயிண்ட் என்று வைத்து அதில் பாதியையும் கழிப்பார்கள். 11,000-இல் அது 1,375 ரூபாய். கிளெய்மைப் பெரிய அடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் கல் படாமல் இருக்க வழி உண்டா என்றால், பாதி உண்டு. வேலூர்-வாலாஜா நெடுஞ்சாலையில் ஜல்லி லாரி, மணல் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். 80-இல் போகிற வண்டி 100-இல் போனால் அதே கல்லின் அடி ஒன்றரை மடங்குக்கு மேல் பலமாக விழும், பள்ளி மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் அந்த 20 தேவைப்படாது. செராமிக் கோட்டிங் போட்டால் கல் படாது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அது பளபளப்புக்கு, தண்ணீர் வழிந்து ஓடுவதற்கு. கல்லைத் தாங்குவது பிபிஎஃப் என்கிற கனமான ஒளிபுகும் ஃபிலிம்தான், அதைப் பானெட்டின் முன் விளிம்புக்கு மட்டும் ஒட்டினால் செலவு கையைக் கடிக்காது. ஆனால் டச்-அப் வைத்து ஒரு மாதமாவது போன பிறகு. ரெக்ஸின் உறை மாட்டுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். உள்ளே போகிற மண் அரம் மாதிரி தேய்க்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கதவை ஷெட்டில் விட்டுவிடுங்கள். அங்கே சிவப்பு கலக்கும்போது ஒரு சின்ன மருந்து பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கேளுங்கள், தருவார்கள். பெரும்பாலும் ஷெட்டில் கலக்குவது உங்கள் வண்டியின் இப்போதைய வெளுப்புக்குச் சரிபார்த்துக் கலக்கியதாக இருக்கும், கடைப் பாட்டிலைவிட ஒத்துப்போகும். அதில் பெயிண்டைக் கெட்டியாக்குகிற ஹார்ட்னர் சேர்த்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்திருந்தால் நீங்கள் வைப்பதற்குள் பாட்டிலிலேயே கல்லாகிவிடும்.